பின்னால் நின்று கத்துகிறவர்

கருத்துகளை முதலாளியே எழுந்து நின்று வாசித்தார். கொடுமை அதில்தான் இருந்தது. வேறு யாராவது வாசித்திருந்தால் காரமானதைக் கொஞ்சம் மென்று விழுங்கி, நல்லதாக நாலு சொல்லைப் பொறுக்கி முன்னால் வைத்திருப்பார்கள். முதலாளிக்கு மென்று விழுங்கத் தெரியாது. விளையாட்டை ஆடிப் பார்த்தவர்கள் எழுதியதை எழுதியபடியே, அவர்கள் பல்லைக் கடித்த இடத்தில் தானும் பல்லைக் கடித்து வாசித்தார்.

"'பால் பொங்குது. அடுப்பை அணைக்கப் போனா பூனை மீனைத் தூக்கிட்டு ஓடுது. பூனையைத் துரத்தினா குழாய் உடையுது. நான் ஓட்டல் நடத்த வந்தேனா, சண்டை போட வந்தேனா?' இது ஒரு பஸ் டிரைவர். ரிட்டயர் ஆனவர்."

யாரோ இருமுவதுபோல் சிரித்தார்கள்.

"'இதை யார் பண்ணாங்கன்னு தெரியலை. அவங்களுக்கு நான் என்ன கெடுதல் பண்ணேன்னும் தெரியலை.' இது ஒரு நர்ஸ். அடுத்தது, 'தலையில கொஞ்சம் முடி இருந்துச்சு. இப்ப இல்லை.' இவர் பேர்கூட எழுதலை."

இந்த முறை அறை முழுக்கச் சிரித்துவிட்டது. சிரிக்காதவள் ஒருத்திதான். அவளை அலுவலகத்தில் எல்லோரும் 'கலவரம்' என்றுதான் கூப்பிடுவார்கள். வீட்டில் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. நேரில் பார்த்தால் வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாதவள்போல் இருப்பாள். அவள் தலைக்குள் ஓடுவதெல்லாம் உடைகிற குழாயும் சரிகிற தட்டுகளும்தான்.

அவர்கள் செய்துகொண்டிருந்தது கம்ப்யூட்டரில் ஆடும் ஓர் ஓட்டல் விளையாட்டு. ஆடுகிறவர் சின்னதாக ஓர் ஓட்டலைத் திறந்து, மேசை நாற்காலி வாங்கிப் போட்டு, திரைச்சீலைக்கு நிறம் பார்த்து, வருகிறவர்களுக்கு சூப்பும் ரொட்டியும் பரிமாறி நல்ல பெயர் வாங்க வேண்டும். அது வரைக்கும் எல்லாம் பரம சாது. கூட்டம் நெரிகிற நேரம் வந்ததும் ஓர் 'அமளி' கிளம்பும். பால் பொங்கும், பூனை புகும், புகைபோக்கி விசிறி ஆர்டர் சீட்டுகளையெல்லாம் ஊதிப் பறக்கவிடும். அந்த அமளியைச் சமாளிப்பது தனிக் குட்டி விளையாட்டு. அப்படி ஒரு டஜன் குட்டி விளையாட்டுகள். அத்தனையும் கலவரம் பெற்றுப்போட்ட பிள்ளைகள்.

"ஓட்டல் பிரமாதம்னு எல்லாரும் எழுதியிருக்காங்க. திரைச்சீலையைப் பத்தி மட்டும் ஒருத்தர் ஒரு பக்கம் புகழ்ந்திருக்கார்" என்றார் முதலாளி. "இந்த அமளிதான் கழுத்தை அறுக்குது. தூக்கிடலாம்."

கலவரம் மனசுக்குள் கணக்குப் போட்டாள். திரைச்சீலையை வரைந்தது வேறொருவர். நாற்காலியை வரைந்ததும் வேறொருவர். அமளியை எடுத்துவிட்டால் இந்த விளையாட்டில் அவளுடையது என்று சொல்ல ஒரு கரண்டிகூட மிஞ்சாது. இரண்டு வருஷ உழைப்பு ஒரே ஒரு 'தூக்கிடலாம்' என்பதில் போய்விடும்.

"சார், அடுத்த டெஸ்ட் வரைக்கும் டைம் குடுங்க."

"குடுத்தா?"

"சரி பண்ணிடறேன்."

முதலாளி அவளை ஏற இறங்கப் பார்த்தார். "அடுத்த டெஸ்டுக்கு இதே ஆளுங்களைத்தான் கூப்பிடப்போறோம். அன்னைக்கு நானே நின்னு பார்ப்பேன். அவங்க மூஞ்சி மாறலைன்னா, அமளி போச்சு. அப்புறம் என்கிட்ட வந்து அழக்கூடாது."

அழுகிற ஜாதி இல்லை அவள். நேராகப் போய் மௌனச்சாமியின் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மௌனச்சாமி என்பவர் புரோகிராமர். அவள் யோசிப்பதையெல்லாம் ஓட வைப்பவர் அவர்தான். காலையில் வந்தால் மாலை வரை ஒரு வார்த்தை பேசமாட்டார். காப்பி வேண்டுமா என்று கேட்டால் தலையை ஆட்டுவார். அது வேண்டும் என்பதற்கா வேண்டாம் என்பதற்கா என்று நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இருவரும் முதலில் எல்லோரும் செய்கிற முட்டாள்தனத்தைச் செய்தார்கள். பூனையை மெதுவாக நடக்க வைத்தார்கள். பாலைப் பொறுமையாகப் பொங்க வைத்தார்கள். குழாய் உடைவதற்கு முன்னால் ஒரு மணி அடித்து எச்சரிக்கை செய்தது. ஆடிப் பார்த்தபோது கலவரத்துக்குக் கொட்டாவி வந்தது. பூனையோ, மாலை நடைக்குக் கிளம்பிய பென்ஷன்காரர் மாதிரி வந்து, மீனைப் பார்த்து, யோசித்துவிட்டுப் போயிற்று.

"உப்பில்லாத சூப்" என்றாள்.

மௌனச்சாமி தலையை ஆட்டினார். இந்த ஆட்டலுக்கு அர்த்தம் எல்லோருக்கும் புரிந்திருக்கும்.

பழையதைத் தொடாமல் வைத்துக்கொண்டு இரண்டையும் நாலைந்து பேரிடம் கொடுத்துப் பார்ப்போம் என்று முடிவாயிற்று. டெஸ்ட் அறை முன்பு சாமான் போட்டு வைத்திருந்த இடம். சுவரெல்லாம் பஞ்சு அடைத்த பலகை. ஒரே நாற்காலி, ஒரே திரை, காதை மூடும் ஹெட்போன். ஏ.சி. ஒழுகி மூலையில் வைத்த வாளியில் சொட்டும். ஒரு பக்கச் சுவரில் கண்ணாடி. அதற்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்தால் ஆடுகிறவருக்கு நம்மைத் தெரியாது. அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் வருஷக்கணக்காக உட்கார்ந்திருப்பவள் டெஸ்ட் பொறுப்பாளர். அவளைக் கண்ணாடியக்கா என்பார்கள். அவளுக்கு இரண்டே சட்டம்: ஆடுகிறவர் தனியாக ஆட வேண்டும், அறையில் மூச்சுச் சத்தம்கூடக் கேட்கக் கூடாது. அப்போதுதான் விளையாட்டின் உண்மையான யோக்கியதை தெரியும் என்பாள். முதலாளிக்கும் அதில் முழு நம்பிக்கை.

முதலில் வந்தவர்கள் எதிர்பார்த்தபடியே ஆடினார்கள். சாதுவான அமளியில் தூங்கி வழிந்தார்கள். பழைய அமளியில் உதட்டைக் கடித்து, தோற்று, ஹெட்போனைக் கழற்றி மேசையில் 'டொக்' என்று வைத்தார்கள். கலவரத்துக்கு ஒவ்வொரு 'டொக்'கும் நெஞ்சில் விழுந்தது.

பிறகு ஓர் இளம்பெண் தன் மாமியாரோடு வந்தாள். மாமியாரைக் கண் டாக்டரிடம் காட்டிவிட்டு அப்படியே கூட்டி வந்திருக்கிறாள். இருவருக்கும் ஏதோ மனத்தாங்கல் போல. மருமகள் ஒரு பக்கம் பார்த்தால் மாமியார் மறுபக்கம் பார்த்தார். வெளி அறையில் அன்றுதான் கதவுக்குப் பெயின்ட் அடித்திருந்தார்கள். அந்த வாசனை பட்டதும் மாமியார் தலையைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்கு மயக்கம் வருது. நான் உள்ளேயே ஓரமா உக்காந்துக்கறேன். வாயைத் திறக்கமாட்டேன், போதுமா?"

கண்ணாடியக்காவுக்கு மனசே இல்லை. ஆனாலும் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொடுத்தாள்.

பாவம், அந்த அம்மாள் உண்மையிலேயே முயற்சி செய்தார். கையால் வாயைப் பொத்திக்கொண்டுகூடப் பார்த்தார். மருமகள் சூப்பைக் கிளறிக்கொண்டிருந்தபோது திரையின் ஓரத்தில் பூனையின் வால் தெரிந்தது. மாமியார் துள்ளி எழுந்தார்.

"அடியே, பூனை! பூனை வருது பாரு!"

மருமகள் ஹெட்போனை ஒரு காதிலிருந்து நகர்த்தினாள். "எங்கே அத்தை?"

"வலது பக்கம்! அட, அதை விடு, பால் பொங்குது! அடுப்பைக் குறை! குறைன்னா கூட்டுறியே!"

"நீங்க ஒண்ணொண்ணா சொல்லுங்க!"

"அது ஒண்ணொண்ணாவா வருது? குழாய்! குழாய்!"

கண்ணாடியக்கா எழுந்தாள். "டெஸ்ட் கெட்டுப்போச்சு. நான் போய் அவங்களை வெளியில கூட்டிட்டு வரேன்."

கலவரம் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, உங்களுக்குக் கோடிப் புண்ணியம். உக்காருங்க."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஹெட்போன் கழன்று தரையில் விழுந்து கிடந்தது. இருவரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தார்கள். அமளியை ஜெயித்தபோது மாமியார் மருமகளின் முதுகில் ஓங்கி ஓர் அடி அடித்தார். அது பாராட்டு. மருமகளும் அதை அப்படித்தான் எடுத்துக்கொண்டாள்.

கலவரத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. இரண்டு வருஷமாக இந்த அமளிகளை அலுவலகத்தில் யார், எப்படி ஆடினார்கள் என்று நினைத்துப் பார்த்தாள். ஒருவர் உட்கார்ந்தால் பின்னால் ஆறு பேர் நிற்பார்கள். திரைச்சீலை வரைகிறவர் "பூனை" என்பார், கணக்குப் பார்க்கிறவர் "பால்" என்பார், மௌனச்சாமிகூட அந்த நேரத்தில் மட்டும் வாயைத் திறந்து "தட்டு சாயுது, தட்டு!" என்று அலறுவார். யாருமே, ஒரு நாள்கூட, இதைத் தனியாக ஆடியதில்லை. ஆறு வாய்களை வைத்துக்கொண்டு பூனையின் வேகத்தை முடிவு செய்துவிட்டு, ஆடுகிறவரைப் பஞ்சடைத்த அறையில் தனியாக உட்கார வைத்துக் காதையும் மூடியிருக்கிறார்கள்!

"நாமதான் அக்கா மடையங்க" என்றாள். சொல்லும்போதே அவள் முகம் பளிச்சென்று ஆகிவிட்டது.

வேலை மளமளவென்று நடந்தது. பூனைக்குப் பழைய வேகம் திரும்பி வந்தது. சொல்லப்போனால் கொஞ்சம் கூடவே வந்தது. அமளி இனி இரண்டு பேருக்கு. ஒருவர் அடுப்படியில் நிற்பார். அவருக்குத் திரையில் அடுப்பும் அதைச் சுற்றி ஒரு முழ இடமும்தான் தெரியும். இன்னொருவர் அவருக்குப் பின்னால் கைபேசியோடு உட்காருவார். அதில் ஓட்டல் முழுவதும் தெரியும். அழுத்துவதற்கு ஒரு பட்டன்கூட இருக்காது. அவருக்கு உள்ளது வாய் மட்டும்.

முதலாளி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். கெட்டிக்காரர்தான் அவர், அதை மறுக்க முடியாது. நேராகக் காயத்திலேயே விரலை வைத்தார்.

"சரிம்மா. ஒண்டிக்கட்டையா இருக்கறவன் என்ன பண்ணுவான்? அவனும் காசு குடுத்துத்தானே வாங்கறான்?"

"அவங்களுக்கு கம்ப்யூட்டரே கத்தும், சார்."

"கத்தட்டும், கேக்கறேன்."

கலவரம் மௌனச்சாமியின் குரலைப் பதிவு செய்து வைத்திருந்தாள். அவர் மற்றவர்களோடு நிற்கும்போது அலறுகிறவர்தான். மைக்கைக் கண்டதும் பெண் பார்க்க வந்த இடத்தில் உட்கார்ந்தவர்போல் ஆகிவிட்டார். "பூனை வருகிறது. தயவுசெய்து கவனிக்கவும்" என்று ரயில் நிலைய அறிவிப்பு மாதிரி ஒலித்தது. முதலாளி சிரிக்காமல் எழுந்து போனார். அவர் சிரித்திருந்தால்கூட அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

டெஸ்ட் நாள் வந்தது. நர்ஸ் தன் தங்கையோடு வந்தாள். பேர் எழுதாத முடி போனவரைத் தலையைப் பார்த்ததுமே தெரிந்தது; அவர் தன் மச்சானைக் கூட்டி வந்தார். மச்சானுக்கும் அவ்வளவாக முடி இல்லை. ஜோடி ஜோடியாக உள்ளே போனார்கள். பஞ்சு அடைத்த சுவரையும் மீறி உள்ளேயிருந்து கூச்சல் கேட்டது. நர்ஸ் தங்கையைத் திட்டிய திட்டு எந்த ஆஸ்பத்திரியிலும் கேட்க முடியாதது. வெளியே வந்த பிறகும் இருவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்கள். "எழுதிக் குடுங்க" என்று கண்ணாடியக்கா பேனாவை நீட்டினால், "இன்னொரு தடவை ஆடிட்டு எழுதறோமே?" என்று கேட்டார்கள். கலவரத்துக்கு உச்சி குளிர்ந்தது. முதலாளி மட்டும் கையைக் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றார். அவர் முகத்தில் ஒரு கோடுகூட அசையவில்லை.

கடைசியாக பஸ் டிரைவர் வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, படிய வாரிய நரைத்த முடி. தனியாக வந்தார்.

"ஐயா, கூட யாரையாவது கூட்டிட்டு வரச் சொல்லியிருந்தோமே?" என்றாள் கலவரம்.

"சொன்னீங்கம்மா." அவர் நாற்காலியைப் பார்த்தார், பின்னால் இருந்த இன்னொரு நாற்காலியையும் பார்த்தார். "யாரைக் கூட்டிட்டு வர்றது? வீட்ல நான் மட்டும்தான். பரவாயில்லை, நான் போயிட்டு வரேன்."

அவர் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். கலவரத்துக்குத்தான் இத்தனை பேர் சிரித்த சிரிப்பும் அந்த ஒரு காலி நாற்காலியின் முன்னால் ஒன்றுமில்லாமல் போனதுபோல் இருந்தது.

"பார்த்தியாம்மா, நான் இதைத்தான் சொன்னேன்" என்றார் முதலாளி மெல்ல.

அவளுக்கு எங்கிருந்து அவ்வளவு துணிச்சல் வந்ததோ. மூக்குக்கு மேல் வந்த கோபமாகவும் இருக்கலாம். கைபேசியை எடுத்து முதலாளியின் கையில் திணித்தாள்.

"அப்ப நீங்க உக்காருங்க, சார்."

"நானா?"

"நீங்கதான். இதுவரைக்கும் ஒரு தடவையாவது ஆடியிருக்கீங்களா? வாசிச்சீங்க, அவ்வளவுதான்."

கண்ணாடியக்கா கூரையைப் பார்த்தாள். முதலாளி ஏதோ சொல்ல வாயெடுத்தார். பஸ் டிரைவர் அவரையே நம்பிக்கையோடு பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வைக்கு மறுப்புச் சொல்லும் கல்நெஞ்சம் முதலாளிக்கும் இல்லை. உட்கார்ந்தார்.

முதல் அமளி படு கேவலம். முதலாளி கைபேசியைக் கண்ணுக்கு எட்டத்தில் பிடித்துக்கொண்டு, கூட்டத்தில் பேசுவதுபோல் ஆரம்பித்தார். "பால் வந்து... கொஞ்சம் பொங்கற மாதிரி இருக்குங்க, ஐயா." அவர் முடிப்பதற்குள் பால் பொங்கி, அடுப்பு அணைந்து, பூனை மீனோடு போயே போய்விட்டது.

டிரைவர் நாற்காலியை முழுசாகத் திருப்பினார்.

"சார், நான் பஸ் ஓட்டினப்ப கண்டக்டர் இப்படி மரியாதையா விசில் ஊதியிருந்தா எத்தனை பேர் ரோட்ல உருண்டிருப்பாங்க தெரியுமா? எனக்கு முன்னாடிதான் தெரியும். பின்னாடி நடக்கறது உங்களுக்குத்தான் தெரியும். வாயை விட்டுக் கத்துங்க, சார்!"

முதலாளியை இதுவரை யாரும் கத்தச் சொன்னதில்லை. கத்தாதீர்கள் என்று வீட்டில் சொல்லியிருப்பார்கள். கைபேசியை மடியில் வைத்தார். பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

"ஆரம்பிங்க."

அடுத்த அமளியில் பூனை எட்டிப் பார்த்ததும் ஒரு சத்தம் கிளம்பியது பாருங்கள், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்தவர்கள் பின்வாங்கினார்கள்.

"பூனைய்ய்யா! வலது பக்கம்! துரத்துங்க! விடாதீங்க!"

"போயிடுச்சா?"

"போயிடுச்சு! பால்! ஐயோ, பால்! குறைங்க! சீட்டெல்லாம் பறக்குது, விசிறியை நிறுத்துங்க!"

"எந்தப் பக்கம்?"

"தலைக்கு மேல! மேல, மேல! அண்ணே, தட்டு சாயுது!"

'ஐயா' எப்போது 'அண்ணே' ஆனது என்று யாருக்கும் தெரியாது. முதலாளி நாற்காலியில் இல்லை. டிரைவரின் தோளுக்கு மேல் குனிந்து நின்றார். தோற்றார்கள். "இன்னொரு தடவை" என்றார் முதலாளி. மறுபடி தோற்றார்கள். "இன்னொரு தடவை!" சத்தம் தாங்காமல் சண்டை போட வந்த கீழ்மாடித் தையல்கடைக்காரர் கழுத்தில் டேப்போடு கண்ணாடி அருகே நின்றார். வந்த காரியத்தை மறந்துவிட்டு, "அந்தக் குழாயைப் பாருங்கய்யா!" என்று கண்ணாடியைத் தட்டினார். மௌனச்சாமி கண்ணாடியக்காவின் மேசைக்கு ஓடிப்போய், அறைச் சத்தத்தின் பதிவு ஓடுகிறதா என்று குனிந்து பார்த்தார். ஓடிக்கொண்டிருந்தது.

"குரல் கிடைச்சாச்சு" என்றார். பிறகு, இவ்வளவு பேசியது போதாது என்று நினைத்தவர்போல, "தனியா ஆடறவங்களுக்கு இனி இவர்தான் கத்துவார்" என்றும் சொன்னார்.

கடைசி அமளியில் எல்லாம் ஒரே நேரத்தில் வரும். பால், பூனை, குழாய், விசிறி, தட்டு, அத்தனையும். கலவரம் அதைச் செய்த நாளிலிருந்து அலுவலகத்தில் ஆறு பேர் சேர்ந்தும் ஜெயித்ததில்லை. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். டிரைவரின் கைகள் ஸ்டியரிங்கைப் பிடித்துப் பழகிய நிதானத்தோடு நகர்ந்தன. முதலாளி ஒரே மூச்சில் இடம், வலம், மேல், கீழ் என்று முழங்கினார். கடைசித் தட்டு மேசைக்குப் போய்ச் சேர்ந்தது. பூனை வெறும் வாயோடு ஜன்னல் வழியாக வெளியேறியது.

டிரைவர் எழுந்து இரண்டு கையையும் தூக்கினார். முதலாளி அவரைக் கட்டிக்கொண்டார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் விசிலும் கைதட்டலும் பறந்தன. கலவரம் தானும் கைதட்டிக்கொண்டிருந்தாள், கன்னம் நனைந்திருந்தது அவளுக்குத் தெரியவில்லை.

முதலாளி வெளியே வந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. எல்லோரும் வாயை மூடிக்கொண்டு அவர் வாயைப் பார்த்தார்கள். அவர் கம்பீரமாகத் தொண்டையைச் செருமி, கையை உயர்த்தி, வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. மறுபடி முயன்றார். ஒரு கீச்சுச் சத்தம் வந்து அதுவும் நின்றுபோயிற்று. அத்தனை கத்தலையும் அந்தத் தொண்டை ஒரே நாளில் கொட்டித் தீர்த்திருந்தது.

"சார்" என்றாள் கலவரம். "அமளி இருக்கா, போகுதா?"

முதலாளி தலையை வேகமாக ஆட்டினார். ஆள்காட்டி விரலால் தரையை ஓங்கி ஓங்கிக் காட்டினார்: இங்கேயே, இங்கேயே. பிறகு அவள் தோளைப் பிடித்து எல்லோர் முன்னாலும் நிறுத்தி, தன் தொண்டையைத் தொட்டுக் காட்டி, அவள் வாயைச் சுட்டினார். நீயே சொல்.

தன் வெற்றியைத் தன் வாயாலேயே அறிவிக்கும் பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்? கலவரம் கூச்சப்படவில்லை. இரண்டு கையையும் வாயருகே குவித்து, கீழ்மாடி வரை கேட்கும்படி கத்தினாள்.

"அமளி இருக்கு! ஒண்ணுகூடப் போகலை! எல்லாம் இருக்கு!"

அந்த ஆரவாரத்துக்கு நடுவே டெஸ்ட் அறையிலிருந்து இன்னொரு குரல் வந்தது. டிரைவர் மறுபடி அடுப்படியில் உட்கார்ந்துவிட்டிருந்தார். இங்கே நடந்தது எதையும் அவர் கவனித்ததாகத் தெரியவில்லை.

"முதல்லேருந்து மறுபடி ஆரம்பிச்சிடுச்சு! பின்னாடி யாரும் இல்லையா? யாராவது வாங்கப்பா!"

எல்லோரும் ஓடினார்கள். முதலாளி, மௌனச்சாமி, கழுத்தில் டேப்போடு கீழ்மாடிக்காரர், இன்னும் வீட்டுக்குப் போகாமல் காத்திருந்த நர்ஸும் தங்கையும், தன் சட்டத்தையெல்லாம் மறந்துவிட்ட கண்ணாடியக்கா. அந்த ஒற்றை மனிதரின் முதுகுக்குப் பின்னால் நிற்க இடம் போதவில்லை. கலவரத்துக்குக் கதவோரம்தான் கிடைத்தது. அவள் எம்பி, முன்னால் நின்றவர்களின் தோள்களுக்கு இடையே திரையை ஒரு கணம் பார்த்தாள். அது போதும்.

"ஐயா, பூனை! இடது பக்கம்!"